குளத்துக்குள் ஒரு வகுப்பறை!

மேசை இல்லை. நாற்காலி இல்லை. கரும்பலகையும் இல்லை. ஆனாலும் அது பல்கலைக்கழக வகுப்பறைதான்!

எங்கே இருக்கிறது? தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைகுளத்தில்.

தருவைகுளம் மீனவர் ஊர். போகிற வழியெல்லாம் வெள்ளை வெளேர் என்று உப்பளங்கள். அங்கே தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்குக் கடல்நீர்ப் பண்ணை ஒன்று உண்டு.

இந்தக் கல்லூரி 1977-ம் ஆண்டில் தொடங்கியது. 2012 முதல், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு. மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு.

புட்டியில் தெரியும் நீலம்

கல்லூரி என்றதும் பெற்றோர் என்ன கேட்கிறார்கள்? "கட்டிடம் பெரிதா? விடுதியில் சாப்பாடு எப்படி?" கேட்க வேண்டியதுதான். ஆனால் படிக்கிற பிள்ளையின் கணக்கு வேறு. தன் கையால் செய்து பார்க்கக் கிடைத்தால்தான் அதற்குத் திருப்தி.

ஓர் உதாரணம்:

இறாலுக்கும் மூச்சு உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைத்தான் அது சுவாசிக்கிறது. லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குறைந்தால் தீனி எடுக்காது. மிகவும் குறைந்தால் கூட்டம் கூட்டமாகச் செத்துப் போகும். போட்ட முதல் போச்சு!

பிராணவாயுவை எப்படி அளப்பது? குளத்து நீரை, காற்றுக் குமிழி புகாமல், கண்ணாடிப் புட்டியில் பிடிக்கிறார்கள். இரண்டு மருந்துகளை விடுகிறார்கள். பிராணவாயு இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் இறங்கும். இல்லாவிட்டால் வண்டல் வெள்ளை! பிறகு அமிலம் விட்டு, வேறொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். நடுவில் மாவுக் கரைசல் சேர்த்தால் நீர் நீலமாகிவிடும். அந்த நீலம் மறைகிற நொடியில் நிறுத்த வேண்டும். எவ்வளவு மருந்து செலவானதோ, அதுதான் கணக்கு.

1888-ல் வின்க்லர் என்ற ஹங்கேரி நாட்டுக்காரர் கண்டுபிடித்த முறை இது. மீட்டர் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் இதைக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

ஒரு புட்டியைச் சுற்றி முப்பது பேர் நின்றால் என்ன ஆகும்? முன்னால் நிற்கிற மூன்று பேருக்குத்தான் நீலம் தெரியும். மற்றவர்கள் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவார்கள்! ஆளுக்கொரு புட்டி வாங்க ஆகும் செலவு, கட்டிடச் செலவுக்கு முன் எம்மாத்திரம்?

பத்து மணிக்குக் குளம் பொய் சொல்லும்!

வெயில் அடிக்கும்போது நீரில் இருக்கும் நுண்பாசி பிராணவாயுவை வெளியிடும். இருட்டிவிட்டால் அந்தப் பாசியும் மூச்சு வாங்கும், இறாலும் வாங்கும். விடிவதற்குச் சற்று முன்னால் பிராணவாயு அடிமட்டத்துக்கு வந்துவிடும். அதனால்தான் இறால் பண்ணைக்காரர்கள் இரவில் ஏரேட்டரை ஓடவிட்டுக் காவல் இருக்கிறார்கள்.

காலைப் பலகாரம் முடித்து, வண்டி ஏறி, 10 மணிக்கு வந்து அளக்கிற மாணவன் என்ன காண்பான்? குளம் நன்றாகத்தான் இருக்கும். அபாயம் அவன் கண்ணில் படாது! எந்தப் பண்ணையானாலும், இரவில் தங்கிப் படிக்க வசதி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

உப்பும் அப்படியே. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் நீர் ஆவியாக, குளத்தில் உப்பு ஏறும். ஏறினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து உப்பளமே சாட்சி!

இந்தக் கரையில் பாடத்துக்குப் பஞ்சமில்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றது. சற்று வடக்கே வேப்பலோடையில், 1973-ல், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். அதே கடல், புதுத் தொழில்!

இன்னொரு வசதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குளத்தில் இறங்கினால் இடுப்பு வரை உப்பு நீர், காலில் சேறு. பெண்களும் படிக்கிற படிப்பு இது. கரை ஏறியதும் குளிக்க நல்ல தண்ணீரும், உடை மாற்ற ஓர் அறையும் வேண்டாமா? உப்பு காய்ந்த ஈரத் துணியோடு பஸ் ஏறினால், கண்டக்டர் கூட முகம் சுளிப்பார்!