குற்றம் கார்புரேட்டருடையதா?

ராணா பிரதாபனின் குதிரைப் பெயரைத் தாங்கி பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் 1972-இல் வெளிவந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வண்டிக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நம் தேசத்தில் ஏராளம். அவ்வளவு தவம் கிடந்து பெற்ற வண்டி இன்று பல வீடுகளில் மாடிப்படியின் கீழே தூசி படிந்து நிற்கிறது. "உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துவிட்டது; கார்புரேட்டர் கெட்டுப் போயிற்று" என்று சொல்லி, அதைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. தள்ளுவதற்கு முன் ஒரு விசாரணை நடத்திப் பார்க்க வேண்டுகிறோம். கார்புரேட்டரின் மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பல, வழியில் வேறு யாரோ செய்தவை.

இந்த வண்டியில் பெட்ரோலை இறைக்கப் பம்பு கிடையாது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குவதுபோல, ஆசனத்தின் கீழிருக்கும் டாங்கிலிருந்து அது தன் கனத்தாலேயே இறங்குகிறது. ஆகவே விசாரணையையும் மேலிருந்து கீழாகவே நடத்த வேண்டும். பத்து முறை உதைத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால், பெட்ரோல் அளவுக்கு மீறி வந்திருக்க வேண்டும், அல்லது பொறி எழாதிருக்க வேண்டும். பொறியின் கதை வேறு. அதை இங்கே பேசப் போவதில்லை.

வண்டி இரண்டு மூன்று மைல் ஒழுங்காக ஓடி, மூச்சடைத்து நின்று, பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி ஓடுகிறதா? முதல் சந்தேகம் டாங்கின் மூடி மேல் விழ வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திணறித் திணறி வருவதும், எதிர்ப்பக்கம் இன்னொரு துளையிட்டதும் தாராளமாக விழுவதும் நம் இல்லத்தரசிகளுக்குத் தெரிந்த விஷயமே. மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டால் டாங்கிலும் அதுவே நடக்கிறது. மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

மூடி நிரபராதியானால், கார்புரேட்டர் பக்கத்து ரப்பர்க் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் விட்டு, பெட்ரோல் காக்கைத் திறவுங்கள். இதை எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில் செய்ய வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களை அந்தப் பக்கமே அண்ட விடக் கூடாது. பெட்ரோல் நிற்காத தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் காக்கிலோ குழாயிலோ அழுக்கு இருக்கிறது. குழாய் வேண்டியதைவிட நீளமாக இருந்து நடுவில் மேடாக வளைந்தாலும் காற்று அங்கே தங்கி வழியை மறிக்கும். புதுக் குழாய் போடும்போது 'இருக்கட்டுமே' என்று இரண்டு அங்குலம் கூட்டி வைக்கும் தாராள குணம் இங்கே உதவாது.

வண்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, பிறகு உதைக்கும் சடங்கை அறியாதவர் யார்? சாயும்போது மிதவையின் நிலை மாறிக் கிண்ணத்தில் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக இறங்கலாம். டாங்கின் ஓரத்தில் ஒதுங்கிய மிச்சமும் வாய்க்கு வந்து சேரலாம். என்றோ ஒரு நாள் செய்தால் பாதகமில்லை. தினந்தோறும் தேவைப்பட்டால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இனிக் கார்புரேட்டரையே விசாரிக்கலாம். வெஸ்பாவை உருவாக்கிய கொர்ராதீனோ தஸ்கானியோ ஆகாய விமானப் பொறியாளர். உடையில் எண்ணெய்க் கறை படக் கூடாதென்று எஞ்சினை மூடிக்குள் ஒளித்தவர் அவர். 1946-இல் இத்தாலியில் பதிவான அந்த அமைப்பின் வழித்தோன்றலே சேத்தக். வலப்பக்கத்து மூடியையும் காற்று வடிகட்டியையும் எடுத்துவிட்டால், கார்புரேட்டரை இறக்காமலே ஜெட்டுகளைத் திருகியெடுக்கலாம். ஓடும்போது நன்றாக ஓடி, வேகத்தைக் குறைத்ததும் வண்டி அணைந்தால் சிறிய ஜெட்டையும், நிற்கும்போது இதமாக முனகிவிட்டு, இருவர் ஏறி மேம்பாலத்தில் போகும்போது இருமினால் பெரிய ஜெட்டையும் பாருங்கள். துவாரத்தைக் கம்பியால் குத்துவது மகா பாவம்! பித்தளை மிருதுவானது, துவாரம் பெரிதாகிவிட்டால் பிறகு வண்டி புகையும், குடிக்கும். காற்றால் ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். பெட்ரோல் நுழையும் வாயிலுள்ள சிறு சல்லடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நிறுத்திய வண்டியின் அடியில் பெட்ரோல் வாடை வீசினால் ஊசி வால்வு சரியாக மூடவில்லை, அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்துவிட்டது. வண்டியை நிறுத்தியதும் காக்கை மூடிய நம் பெரியவர்களின் வழக்கத்துக்கு இதுவே காரணம்.

நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, லிட்டருக்கு 20 மில்லி வீதம் கலந்த எண்ணெய் மட்டும் பிசினாக மிஞ்சுகிறது. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகிதத்தை எட்டிவிட்டது. அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் கெடுக்கும். மாதக்கணக்கில் நிற்கப் போகும் வண்டியானால் டாங்கையும் கிண்ணத்தையும் காலி செய்துவிடுவது நலம்.

கலவைத் திருகை எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தொடுங்கள். தொடுமுன் அது எத்தனை சுற்றுத் திறந்திருந்தது என்று எண்ணி, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.