மசினகுடியில் ஜீப் ஏறும் முன்

நீலகிரி மாவட்டம் மசினகுடி கடைத்தெருவில் வண்டியை நிறுத்திய சற்று நேரத்திலேயே யாராவது வந்து கேட்பார்: “சார், சஃபாரி போலாமா? யானை கன்ஃபார்ம்.” பேரம் படிந்ததும் குரல் தாழும்: “நைட் சாப்பிட்டுட்டு ரெடியா இருங்க, சிறுத்தையே காட்டறேன்.” அந்த ஜீப்பில் ஏறுவதற்கு முன், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதுமலை தேசியப் பூங்காவை உள்ளடக்கிய புலிகள் காப்பகத்துக்குள் சவாரிக்கு அனுமதி தரும் அதிகாரம் வனத்துறைக்கு மட்டுமே உண்டு. அதற்கான சீட்டு தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் கிடைக்கும். விடுதி மேலாளரோ தரகரோ ஜீப் ஓட்டுநரோ தனியாக அனுமதி எதுவும் தர முடியாது.

அப்படியானால் தனியார் ஜீப் எங்கே கூட்டிப்போகிறது? பெரும்பாலும் மாயார் சாலை, சிங்காரா சாலை, தெப்பக்காடு சாலை. எல்லாம் ஊர்மக்கள் அன்றாடம் போய்வரும் பொதுச்சாலைகள். புள்ளிமானும் மயிலும், அதிர்ஷ்டமிருந்தால் யானையும் பேருந்தின் ஜன்னலிலிருந்தே தெரியும். பகலில் முறையான வாடகை ஜீப்பில் அந்தச் சாலையில் போவது குற்றமல்ல. அதையே ‘காட்டுக்குள் சஃபாரி’ என்று சொல்லிப் பணம் பறிப்பது ஏமாற்று.

தார்ச்சாலையை விட்டு மண்தடத்தில் ஜீப் இறங்கினால் கதையே வேறு. அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி குற்றம். விலங்குகளைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் அதே பிரிவில் வருகின்றன. தேசியப் பூங்காவுக்கும் இவை பொருந்தும். இந்த விதிகளை மீறினால் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2022 திருத்தத்துக்கு முன் அபராத உச்சவரம்பு 25 ஆயிரமாக இருந்தது. வண்டியையும் பறிமுதல் செய்யலாம். “டிரைவர்தானே கூட்டிட்டு வந்தார்” என்பது பயணியைக் காப்பாற்றாது. உள்ளே நுழைந்தவர் அவரும்தான்.

இரவுச் சவாரி இன்னும் மோசம். ஸ்பாட்லைட் அடித்து, புதருக்குள் ஒளிரும் கண்ணைத் தேடி, குட்டியோடு நிற்கும் யானைக்கு முன்னால் இன்ஜினை உறுமவிடுகிறார்கள். மிரண்ட யானை அந்த ஜீப்பைத்தான் தேடிப் பிடிக்கும் என்றில்லை. மறுநாள் விடியலில் வேலைக்கு நடந்து போகும் இருளர் பெண்மணிதான் அதன் எதிரில் வருவார். இந்தத் தொழிலில் எனக்குப் பொறுக்கவே முடியாதது இதுதான்: வேடிக்கை பார்த்தவர் ஊர் திரும்பிவிடுவார், விலை கொடுப்பவர் அங்கேயே வாழ்கிறவர். விலை கொடுப்பது மனிதர் மட்டுமல்ல: 2021 ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். அந்த யானை பிழைக்கவில்லை. புலிகள் காப்பகங்களில் இரவுச் சுற்றுலாவே கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

அனுமதி பெற்ற சவாரிக்கும் கட்டுப்பாடு உண்டு. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி விலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பார்க்க நிற்கும் இரண்டு வண்டிகளுக்கிடையே 50 மீட்டர் இடைவெளி வேண்டும். “இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க” என்று ஓட்டுநரை நச்சரிப்பது அவர் பிழைப்புக்கே உலை வைப்பதாகும்.

பலர் யோசிக்காத ஒன்று காப்பீடு. வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் எண்பலகையும் பர்மிட்டும் வேண்டும். வெள்ளை எண்பலகை ஜீப் கவிழ்ந்தால், இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க காப்பீட்டு நிறுவனத்துக்கு அதுவே காரணமாகிவிடும். அனுமதியைப் பார்க்காமல் போவதில் பணம் மட்டுமல்ல, உயிரும் போகலாம்: 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் மாண்டார்கள். முறையான அனுமதியில்லாத பாதையில் சென்றவர்கள் அவர்கள். அழைத்துப்போனவர்களை நம்பித்தான் போனார்கள்.

ஏமாந்துவிட்டால் வழி இருக்கிறது. வனத்துறைச் சவாரி என்று சொல்லிப் பொதுச்சாலையில் சுற்றிக் காட்டினாலோ, முன்பணம் வாங்கிக்கொண்டு கைவிட்டாலோ, அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு அல்லது முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீலகிரிக்கு அலையவும் வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ஜிபே பதிவு, வண்டி எண் இவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் சட்டவிரோதம் என்று தெரிந்தே இரவுச் சவாரிக்குப் பணம் கட்டியவர், அதைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போவது வீண்.

விலங்கை விரட்டும் ஜீப்பைக் கண்டால் வண்டி எண்ணோடு வனச்சரகர் அலுவலகத்திலோ அருகிலுள்ள சோதனைச்சாவடியிலோ எழுதிக் கொடுங்கள். நடவடிக்கை இல்லையென்றால், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுக் குடிமக்கள் எவரும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்ய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாட்டிக்கொள்பவர் எப்போதும் உள்ளூர் ஓட்டுநராகவே இருக்கிறார். அவரை அனுப்பிய விடுதியின் பெயரையும் புகாரில் சேர்த்து எழுதுங்கள்.

விடுதியில் அறை பதிவு செய்யும்போதே கேளுங்கள்: “சவாரிக்கு வனத்துறை ரசீது தருவீர்களா?” மழுப்பினால் அந்த விடுதியை விட்டுவிட்டு, தெப்பக்காட்டில் வரிசையில் நின்று சீட்டு வாங்குங்கள்.