"ஐ ஆம் குட்" என்றால் "போதும்" என்று பொருள்!

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்கு அடி அண்ணாமலையை நன்றாகத் தெரியும். 14 கிலோமீட்டர் நடையில், மலைக்குப் பின்புறமாக, ஆதி அண்ணாமலையார் கோவில் இருக்கும் ஊர் அது.

இந்தப் பாதையில் நம்மவர்களோடு வெளிநாட்டவரும் நடக்கிறார்கள். பெரும்பாலும் ரமணாசிரமத்தை நாடி வருகிறவர்கள். பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் எழுதி 1934-ல் வெளிவந்த புத்தகம், ரமணரின் பெயரை மேல்நாடுகளில் பரப்பியது. அந்த வரவு இன்றும் நிற்கவில்லை.

ஆகவே இங்கே டீக்கடைக்காரருக்கும், ஆட்டோ ஓட்டுகிறவருக்கும், பூக்காரம்மாவுக்கும் கொஞ்சம் ஆங்கிலம் வேண்டியிருக்கிறது.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

டீக்கடை. வெள்ளைக்காரர் ஒருவர் டீ குடித்து முடிக்கிறார். "ஒன் மோர் டீ, சார்?" என்று கேட்கிறார் கடைக்காரர். "ஐ ஆம் குட்" என்கிறார் வந்தவர்.

"தான் நல்லவன் என்கிறார் போலிருக்கிறது" என்று எண்ணிய கடைக்காரர், சிரித்துக்கொண்டே இன்னொரு டீயை ஆற்றி நீட்டுகிறார். வந்தவர் விழிக்கிறார்.

கடைக்காரர் தம் மகளைத் திரும்பிப் பார்க்கிறார். அவள் பிளஸ் டூ மாணவி.

"ஏம்மா, பன்னிரண்டு வருஷமா இங்கிலீஷ் படிக்கிறியே, அவர் சொன்னது உனக்குமா புரியலே?"

"எங்க புத்தகத்துல இப்படி இல்லையேப்பா!"

பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

வீணானது ஒரு டீ மட்டும் என்றால் கவலையில்லை. அந்தப் பெண் தலைகுனிந்தாளே, அதுதான் கவலை. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள்கூட, எதிரில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் வாயடைத்து நின்றுவிடுகிறார்கள். "நமக்கு ஆங்கிலம் வராது" என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றால், போவதற்கே அஞ்சுகிறார்கள்.

குற்றம் பிள்ளைகளுடையதா? இல்லவே இல்லை!

அல்வாவும் கம்பியும்

நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். "அவன் எனக்கு அல்வா கொடுத்துவிட்டுக் கம்பி நீட்டிவிட்டான்" என்கிறோம். தமிழை ஏட்டில் மட்டும் கற்ற வெளிநாட்டுக்காரர் என்ன நினைப்பார்? "தின்பண்டமும் கொடுத்து, கம்பியும் கொடுத்தானா? தாராள மனதுக்காரன்!" என்றல்லவா மெச்சுவார்!

ஆங்கிலத்திலும் இதே கதைதான். "பீஸ் ஆப் கேக்" என்றால் கேக் துண்டு மட்டுமல்ல. மிகச் சுலபமான வேலை என்றும் பொருள். "ஐ ஆம் புரோக்" என்றால் ஆள் உடைந்துவிடவில்லை, கையில் காசில்லை. இங்கிலாந்துக்காரர் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு "சியர்ஸ்" என்றால், மதுக் கிண்ணத்தைத் தேட வேண்டாம், நன்றி சொல்கிறார். ஆஸ்திரேலியாக்காரர் "நோ வொரீஸ்" என்றால் நம் "பரவாயில்லை"தான்.

சில இடங்களில் எச்சரிக்கையும் வேண்டும். "யூ ஆர் புல்லிங் மை லெக்" என்பது சொல்லுக்குச் சொல் பார்த்தால் "காலை வாருகிறாய்" என்பது போல் இருக்கும். நமக்குக் காலை வாருவது துரோகம். அவர்களுக்கோ அது வெறும் கேலி! பொருள் தெரியாமல் கோபித்துக்கொண்டால் நட்பு போய்விடும்.

பேச்சு மட்டமா?

"இதெல்லாம் கொச்சை, படித்தவனுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

அடி அண்ணாமலையிலேயே மாணிக்கவாசகருக்குக் கோவில் இருக்கிறது. திருவெம்பாவையை அவர் இந்தத் தலத்தில்தான் பாடினார் என்பது மரபு. அதில் வருவது என்ன? விடியற்காலையில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பும் பேச்சு! சீண்டலும் சிணுங்கலும் பதிலுக்குப் பதிலுமாக வீட்டு வாசல் பேச்சே அங்கே பாட்டாகியிருக்கிறது. பேச்சை அவரே மட்டமாக நினைக்கவில்லை.

கொடுத்ததும் நாம்தான்

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலேயரின் பேச்சு வழக்கில் நம் நாட்டுச் சரக்கும் உண்டு. "ஹாவ் எ டெக்கோ" என்றால் "ஒரு பார்வை பார்" என்று பொருள். இந்துஸ்தானியின் "தேக்கோ" சிப்பாய்கள் வாயில் புகுந்து கப்பலேறிய கதை அது. நம் மிளகுத் தண்ணீர் "மல்லிகடானி" ஆயிற்று. அதைச் சுருக்கி, சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கு "மல்" என்று பட்டப்பெயரே வைத்தார்கள்! இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டி யூல், பர்னல் என்ற இருவர் தயாரித்த "ஹாப்சன்-ஜாப்சன்" அகராதி 1886-ல் வெளிவந்தது.

கற்பது எப்படி?

முதலில் காது, பிறகுதான் வாய். புதுச் சொல் கேட்டால், "வாட் டஸ் தட் மீன்?" என்று சிரித்த முகத்துடன் கேளுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள். 1911-ல் ரமணரைத் தேடி வந்த ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலேயப் போலீஸ் அதிகாரி, வேலூரில் முன்ஷி வைத்துத் தெலுங்கு படித்தவர். ஆண்ட கூட்டத்துக்கே வாத்தியார் தேவைப்பட்டார். கேட்டுக் கற்பதில் நமக்கு என்ன வெட்கம்?

கேட்டதைத் தனிச் சொல்லாக எழுதாமல், முழு வாக்கியமாக எழுதி வையுங்கள். யார், யாரிடம், எப்போது சொன்னார் என்பதையும் குறியுங்கள். இதுதான் முக்கியம். கலெக்டரிடம் மனு கொடுக்கும்போது "என்ன தலைவா!" என்போமா? நேர்முகத் தேர்வில் "யா" வேண்டாம். "எஸ், சார்" போதும். சினிமாவில் கேட்ட வசைச் சொற்களோ எங்குமே வேண்டாம்.

புத்தகத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம். அது அஸ்திவாரம். ஆனால் அஸ்திவாரத்திலேயே யாரும் குடியிருப்பதில்லை.

அந்த டீக்கடைப் பெண் இதைப் படித்தால், நாளைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதட்டும்: "ஐ ஆம் குட் — எனக்குப் போதும்."

அப்பாவுக்கும் சொல்லிக் கொடுக்கட்டும். டீயும் மிஞ்சும், மானமும் மிஞ்சும்!