இருவாச்சிகளின் காடு

குடும்பமாக, நண்பர்களாகக் காடு பார்க்க ஆசையா? ஈப்போவிலிருந்து வடக்கே கிரிக் வழியாகப் போனால் ராயல் பெலும். 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்ட மழைக்காடு. பரப்பளவு 1,17,500 ஹெக்டர். பாண்டிங் படகுத்துறையிலிருந்து தெமெங்கோர் ஏரியில் படகேறித்தான் உள்ளே போக வேண்டும். ஏரி இயற்கையானதல்ல, அணை கட்டியதால் வந்தது. தண்ணீருக்கு மேலே நீட்டி நிற்கும் பட்ட மரங்களே சாட்சி.

மலேசியாவின் பத்து வகை இருவாச்சிகளும் இங்கே உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் ஒரு வகை கூட்டங்கூட்டமாகப் பறப்பதைப் பார்க்கலாம். ரப்லீசியா பூவைப் பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இலையில்லை, தண்டில்லை, காட்டுக்கொடியை ஒட்டி வாழும். மொட்டு விரியப் பல மாதம், விரிந்தபின் ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஏரிக்கரையில் ஜஹாய் பூர்வகுடியினரின் கிராமங்கள் இருக்கின்றன. மூலிகையும் தடமும் அவர்களுக்கு அத்துபடி. அவர்கள் வீடு காட்சிச்சாலை அல்ல. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

போகும் வழியில் கோலகங்சாரில் இறங்கி, 1877இல் வந்த ரப்பர் கன்றுகளில் எஞ்சிய மரத்தையும் பாருங்கள். நம் தோட்டத்துக் கதை அங்கேதான் வேர்விட்டது.

பூங்காவுக்குள் நுழைய முன்அனுமதி கட்டாயம்.