கைத்தறி என்று சொன்னது யார்?

சங்கரன்கோவிலில் நான்கு விசைத்தறி ஓட்டும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்; ஊரில் இப்படிப் பல வீடுகள். நூலைக் கொடுத்துச் சேலையை வாங்கிப்போகும் வியாபாரியை நம்பியே இத்தனை காலம் ஓடியிருக்கிறது. கல்லூரி முடித்து வந்த மகளுக்கு அதில் திருப்தி இல்லை. நம் சேலையை நாமே ஆன்லைனில் விற்றால் என்ன? போனை எடுக்கிறாள், சாட்ஜிபிடியில் கேட்கிறாள்: “சங்கரன்கோவில் காட்டன் சேலையை இன்ஸ்டாகிராமில் விற்க ஐடியா கொடு. சேலைக்கு ஒரு விளம்பர வாசகமும் எழுது.”

அரை நிமிடத்தில் பதில் வந்துவிடுகிறது. பத்து யோசனை, அழகான தலைப்புகள், நடுநடுவே பூப்படம். விளம்பர வாசகம் இன்னும் ஜோர்: “தலைமுறை தலைமுறையாகக் கைத்தறியில் நெய்யப்படும் பாரம்பரியச் சேலை.” அப்பா பக்கத்தில்தான் நிற்கிறார், தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் ஒன்று கேட்டிருப்பார்: ‘ஏட்டி, நம்ம வீட்டுல கைத்தறி எங்கட்டி இருக்கு?’

சாட்பாட் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுகிற இயந்திரம் அது. காட்டன் சேலை, தமிழ்நாடு, பாரம்பரியம் என்ற சொற்கள் சேர்ந்து வந்தால் அடுத்து ‘கைத்தறி’ வருவதுதான் அது படித்த உலகத்தின் வழக்கம். அந்தத் தறியில் மோட்டார் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

விளைவு மட்டும் அவள் தலையில். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது தவறான விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. வாங்கியவர் தனியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இதற்கும் முந்தையது 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். 11 வகைத் துணிகளில் குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கி வைத்த சட்டம் அது. உச்ச நீதிமன்றம் 1993இல் அதை உறுதிசெய்தது. எந்தக் கரை, எந்த வேலைப்பாடு போட்ட சேலையை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று தறிக்காரருக்குத் தெரியும். ‘கல்யாண சீசனுக்குப் புது டிசைன் சொல்லு’ என்று கேட்டால் தடை செய்த டிசைனையே உற்சாகமாகச் சொல்லிக்கொடுக்கும் சாட்பாட்டுக்கு அந்த நினைப்பு வருவது சந்தேகம்.

‘நான் எழுதவில்லை, மெஷின் எழுதியது’ என்று தப்பிக்க முடியுமா? கனடாவில் ஒரு விமான நிறுவனம் அப்படித்தான் வாதாடிப் பார்த்தது. பாட்டி இறந்த துக்கத்துக்குப் போக டிக்கெட் எடுத்த ஒருவரிடம், ‘முழுக் கட்டணம் கட்டிவிடுங்கள், சலுகையைப் பிறகு கேட்டு வாங்கலாம்’ என்று ஏர் கனடாவின் சாட்பாட் சொன்னது. நிறுவனத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது. சாட்பாட் செய்ததற்கு அதுவே பொறுப்பு என்ற ரீதியில் நிறுவனம் பேச, பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஒதுக்கித் தள்ளி, வட்டியும் செலவும் சேர்த்துச் சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் கடைக்கு வாட்ஸ்அப் சாட்பாட் வைக்கிற நம் ஊர் வியாபாரிக்கும் இதில் சேதி இருக்கிறது: அது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வாக்கு, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கொடுத்த வாக்குதான்.

அரசாங்கமே வைத்த சாட்பாட் என்றால் நம்பலாமா? நியூயார்க் நகராட்சி 2023 அக்டோபரில் சிறு வியாபாரிகளுக்கென்றே ஒன்றைத் திறந்தது. தொழிலாளிக்கு வரும் டிப்ஸில் முதலாளி பங்கு எடுத்துக்கொள்ளலாம், கடையில் ரொக்கம் வாங்க மறுக்கலாம் என்றெல்லாம் அது சட்டத்துக்கு நேர் மாறாக வழிசொன்னதை 2024 மார்ச்சில் ‘தி மார்க்அப்’ இதழ் வெளியிட்டது. நம் பக்கம், பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2024 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. அதில் மேற்கோள் காட்டியிருந்த தீர்ப்புகள் இல்லவே இல்லாதவை. அவற்றில் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரில் இருந்தது. ஏஐ கைவரிசை என்றே வக்கீல் வட்டாரம் பேசிக்கொண்டது.

ஆனால் சங்கரன்கோவில் வியாபாரிக்கு இப்படி ஒரேயடியாகப் பொய்யான பதிலைவிட ஆபத்தானது, சில காலம் முன்பு வரை சரியாக இருந்த பதில்.

2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழிலின் வரம்பு மாறிவிட்டது: முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் 10 கோடி. பழைய கணக்கு 1 கோடியும் 5 கோடியும். அதே வருடம் செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டியில் 12 சதவீத அடுக்கே போய்விட்டது. சேலையோடு நைட்டியும் சுடிதாரும் தைத்து விற்க நினைத்தால், 5 சதவீத வரி 1,000 ரூபாய் உடைக்குத்தான் என்பது பழைய கதை. இப்போது 2,500 ரூபாய் வரை. இந்தத் தேதிகளுக்கு முன்பே படிப்பை முடித்துக்கொண்ட சாட்பாட், இணையத்தில் தேடிப் பார்க்காமல் பேசினால், பழைய எண்ணையே அடித்துச் சொல்லும். குரலில் தயக்கமே தெரியாது.

ஜிஎஸ்டியில் இன்னொரு குழி உண்டு. ‘சரக்கு விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை’ என்று சாட்பாட் சொல்லும். மாநிலத்துக்குள் விற்கும்வரை அது சரி. செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியாகப் போனால் கேரளா. புனலூரில் ஒருவருக்கு ஒரே ஒரு சேலையைக் கூரியரில் அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. வரிக்கு உட்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, விசைத்தறித் துணி அதில் வராது. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குப் போகும் மல்லிகைக்கு இந்தத் தொல்லை இல்லை. பூவுக்கு வரியே கிடையாதே! கேள்வியில் ‘கேரளா’ என்ற சொல் இருந்தால் பதிலின் திசையே மாறும். அது இல்லாமல் கேட்டவருக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும்.

இனி சாட்பாட்டின் புகழ்ச்சிக்கு வருவோம். 2025 ஏப்ரல் கடைசியில் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் அதற்கு ஒரு புதுப்பிப்பை விட்டது. நான்கைந்து நாளில் அதைத் திரும்பப் பெற்றது. சாட்பாட் எல்லோருக்கும் அளவுக்கு மீறி ஜால்ரா போட ஆரம்பித்ததுதான் காரணம். குச்சியில் மலத்தைச் செருகி விற்கப் போகிறேன் என்று ஒருவர் சொல்ல, அதையும் மேதையின் யோசனை என்று அது பாராட்டிய உரையாடல் உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. இப்போது அந்த அளவுக்கு இல்லை. குணம் முழுதாகப் போய்விட்டதாகவும் சொல்ல முடியாது. ‘என் ஐடியா எப்படி?’ என்று கேட்டால் ‘அருமை’ என்றுதான் முதல் வார்த்தை.

இப்படி வரும் ஆலோசனையின் பலனும் எல்லோருக்கும் ஒன்றல்ல. கென்யாவில் 640 சிறு வியாபாரிகளை வைத்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு வாட்ஸ்அப்பில் ஏஐ ஆலோசகர் கிடைத்தது. ஏற்கெனவே நன்றாக ஓடிய கடைகள் இன்னும் மேலே போயின. தடுமாறிய கடைகளோ, ஆலோசனை கேட்டதால் ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் கீழே இறங்கின. தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்தவருக்கு வந்த பத்து யோசனையில் எதைத் தள்ள வேண்டும் என்பது தெரிந்திருக்கும் என்பதுதான் பொருந்திவரும் விளக்கம். ஆக, சாட்பாட்டிடம் போகும் முன் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டியது நம் சொந்தக் கணக்கு நோட்டு.

அந்தப் பெண் இப்படிக் கேட்டிருந்தால்: “எங்களிடம் நான்கு விசைத்தறி, கைத்தறி இல்லை. சேலைக்கு நூலும் கூலியும் 430 ரூபாய், பேக்கிங் 15, கூரியர் 70. விலை 750. பத்துக்கு இரண்டு திரும்பி வரும். ஆர்டர் ஒன்றுக்கு விளம்பரச் செலவு 100. கேரளாவுக்கும் அனுப்புவேன். பாராட்ட வேண்டாம். கணக்குப் போட்டு, இது எந்த இடத்தில் நஷ்டமாகும் என்று சொல். தெரியாததை முதலில் என்னிடம் கேள்.”

இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் போட்டுப் பாருங்கள். விற்ற எட்டுச் சேலையில் தலைக்கு 235 வீதம் 1,880 ரூபாய் நிற்கும். திரும்பி வந்த இரண்டில் போக வரக் கூரியரும் பேக்கிங்கும் சேர்த்து 310 போகும். விளம்பரம் பத்துக்கு 1,000. மிச்சம் 570. விற்ற சேலைக்கு 71 ரூபாய். ஜிஎஸ்டி இன்னும் கணக்குக்குள்ளே வரவில்லை, தறிக்கு அப்பா போட்ட கடனின் வட்டியும் வரவில்லை. முதல் தடவை வந்த பத்து அழகான யோசனைகளில் இந்த 71 எங்கேயும் இல்லை. கூட்டலிலும் சாட்பாட் சறுக்கும் என்பதால் கால்குலேட்டரில் ஒரு முறை தட்டிவிடுவது நல்லது.

விதி, வரி, மானியம் என்று வரும்போது வேறு வழி. அரசு தளத்திலிருந்து அறிவிப்பை இறக்கி, அந்த பிடிஎஃப்பையே கொடுத்து, ‘இதில் இருப்பதை மட்டும் வைத்துச் சொல், பக்க எண்ணோடு சொல்’ என்று கேட்டால் கற்பனை குறையும். கேள்வியைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். இரண்டு பதிலும் முட்டிக்கொண்டால், நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று புரிந்துவிடும்.

யோசனையைத் தறிக்குக் கொண்டுவருவதற்கு ஐம்பது பக்கத் திட்ட அறிக்கை வேண்டாம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே நிரம்பி வழியும்; இருபது சேலையை நேரில் விற்றுப் பார்த்தால், எந்த நிறம் நின்றது, யார் விலை கேட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்பது நோட்டில் ஏறும். அந்த நோட்டைப் படம் பிடித்துச் சாட்பாட்டிடம் கொடுத்துப் பேசினால் பேச்சே வேறு.

பிறகுதான் சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு. இது முழுக்க இலவசம். ஆனால் கூகுளில் தேடினால் முன்னால் வருவது பல நேரம் அரசு தளம் போலவே தோற்றம் காட்டி ஆயிரம், இரண்டாயிரம் கறக்கும் தனியார் தளங்கள். சாட்பாட் கொடுக்கும் இணைப்பும் அங்கே கொண்டுபோய் விடலாம். முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே ஆதார் எண்ணை அடிக்க வேண்டும். முத்ரா கடன் பெயரில் ‘பிராசஸிங் பீஸ்’ கேட்கும் கடிதங்களும் உலவுகின்றன. முத்ரா அமைப்பு யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை, வங்கிதான் கொடுக்கும். பணம் போய்விட்டால் அழுது முடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே 1930க்கு அடிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு.

உத்யம் எண் கையில் இருந்தால் கூடவே ஓர் உரிமையும் வருகிறது, பலர் கேட்டதே இல்லை. சரக்கை வாங்கிய நிறுவனம், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டியாக. 2006ஆம் ஆண்டின் சட்டம் இது. அரசின் இணையதளத்திலேயே புகார் கொடுக்கலாம். நெய்து விற்பவருக்குத்தான் இந்த உரிமை; வாங்கி விற்கும் வியாபாரி உத்யமில் பதிந்திருந்தாலும் கிடைக்காது. சாட்பாட் இந்த வித்தியாசத்தையும் சில நேரம் விழுங்கிவிடும்.

ஜியோ, ஏர்டெல் தயவில் 2025இல் கட்டணச் சாட்பாட்கள் போனில் இலவசமாக வந்து இறங்கின. இலவசம் என்றதும் வாடிக்கையாளர் பட்டியலையே தூக்கிப் போட்டு ‘வகை பிரித்துக் கொடு’ என்கிறார்கள். சாம்சங் பொறியாளர்கள் 2023இல் கம்பெனியின் மூல நிரலையே சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டு மாட்டிக்கொண்டார்கள். 2025இல், பகிர்ந்த உரையாடல்கள் கூகுள் தேடலில் தலைகாட்டவும் அப்படித் தேடலில் காட்ட அனுமதிக்கும் வசதியையே ஓப்பன்ஏஐ எடுத்தது. வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுக் கொடுப்பது, அமைப்புகளில் போய் ‘பயிற்சிக்குப் பயன்படுத்து’ என்பதை அணைப்பது, இரண்டும் ஐந்து நிமிட வேலை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நம் தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை 2027 மே மாதம் முழுதாக நடைமுறைக்கு வரும். அப்போது சாட்பாட் நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் அதே சேலைக் கடைக்காரர், தன் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் இடத்திலும் இருப்பார்.

சாட்பாட் நிறுவனத்தின் மீதே வழக்குப் போடலாமா என்றால், பாதை குறுகல். நுகர்வோர் சட்டம் விலை கொடுத்து வாங்கிய சேவைக்குத்தான். இலவசக் கணக்கு அதில் சிக்குவது கடினம், காசு கட்டியவரிடமும் ‘வணிகத்துக்காக வாங்கியது’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். பதிலில் தப்பு வரலாம் என்று திரையின் அடியில் சிறிய எழுத்தில் வேறு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கடையின் சாட்பாட் கொடுத்த வாக்கை நம்பி ஏமாந்த வாடிக்கையாளர் என்றால் நிலைமை வேறு: 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம், அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் 15100இல் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்பது உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டைத்தான், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. பாதி உரையாடலை அழித்துவிட்டுப் போய் நிற்பவர்கள் அங்கேயே தடுமாறுகிறார்கள்.

அந்த விளம்பர வாசகத்தில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே சொல். ‘விசைத்தறியில் நெய்த சங்கரன்கோவில் காட்டன், ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி இல்லை’ என்று போட்டால் அழகு கொஞ்சம் குறைவுதான். ரிட்டர்னும் குறையும், அந்த 71 ரூபாய் கொஞ்சம் ஏறும்.