பழைய காப்பி மெஷின் வாங்கப் போகிறீர்களா?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வரலாம். வேலை முடிந்து வந்த மகன் கைப்பேசியை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவான். "அம்மா, இதப் பாருங்க. வெறும் 350 வெள்ளி. கொஞ்சம் ரிப்பேர் இருக்காம், அவ்வளவுதான்!" என்பான். படத்தில் பளபளவென்று ஓர் எஸ்பிரெஸோ காப்பி மெஷின். என்ன பதில் சொல்வீர்கள்?

எங்கள் குடும்பத்தில் அந்த நாள் வந்தது. நடந்ததைச் சொன்னால் உங்களில் யாருக்காவது ஒரு 350 வெள்ளி மிச்சப்படலாம்.

அண்ணன் வேலை செய்த தோட்டம் வீடமைப்புக்குப் போன பிறகு, குடும்பம் கிள்ளான் பக்கம் ஒரு தாமானுக்குக் குடிவந்துவிட்டது. மகனுக்குத் தொழிற்சாலை வேலை. அண்ணி காலையில் வீட்டு வாசலில் இடியப்பமும் வடையும் விற்கிறார். கூடவே நுரை பொங்கும் கப்புச்சினோவும் வைத்தால் வியாபாரம் இரட்டிப்பாகும் என்பது பிள்ளை போட்ட கணக்கு. பணம் யாருடையது? அண்ணி சீட்டுக் கட்டிச் சேர்த்த 600 வெள்ளி. "அத்தை, நீங்க வந்து அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கூப்பிட்டான். எனக்கு இந்த மெஷினைப் பற்றி அப்போது என்ன தெரியும்? தோட்டத்து மில்லில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வரிசையில் குடியிருக்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். போனது நல்லதாயிற்று.

முதலில் அந்த மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் கடைகளில் துணிப்பையில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி வடிக்கிறார்கள். எஸ்பிரெஸோவில் வெந்நீரைப் பம்பு கொண்டு தூளுக்குள் தள்ளுகிறார்கள். அந்த அழுத்தம் சுமார் 9 பார். உங்கள் கார் டயரில் இருக்கும் காற்று ஏறக்குறைய 2 பார்தான்! 90 டிகிரிக்கு மேல் சூடான நீர், மாவுக்குச் சற்றே பருமனான தூள், 25 அல்லது 30 விநாடி. கிடைப்பது ஒரு சின்னக் கோப்பை காப்பி, மேலே பொன்னிற நுரை. மிலான் நகரத்து அக்கில்லே காஜ்ஜியா என்பவர் 1938இல் இந்த வழிக்குக் காப்புரிமை கேட்டார். போர் முடிந்த பிறகு அவருடைய மெஷின்கள் கடைகளுக்கு வந்தன. கையால் இழுக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக மின்பம்பு வைத்த மெஷின் 1961இல் பெயர் பெற்றது.

(காப்பி நமக்கும் புதிதல்ல. 1890களில் சிலாங்கூரில் நம்மவர்கள் பலர் உழைத்தது காப்பித் தோட்டங்களில்தான். பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்த பிறகுதான் அந்த நிலங்களில் ரப்பர் ஏறியது.)

ஆக, பெட்டிக்குள் இருப்பவை இவைதான்: ஒரு நீர்த்தொட்டி, ஒரு பம்பு, ஒரு சிறு கொதிகலன், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், இரண்டொரு வால்வு, சில ரப்பர் வளையங்கள். ரேடியோவைவிடச் சுலபமான சாமான் என்றார் பெரியவர். எதில் கோளாறு என்பதைப் பொறுத்துத்தான் அது லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும்.

முதல் மெஷினைப் பார்க்கப் போனோம். எந்த நிறுவனம் செய்தது என்று சொல்லப் போவதில்லை. விற்பவர் நன்றாகப் பேசினார். சுவிட்சைப் போட்டார், விளக்கு எரிந்தது, பம்பு உறுமியது. பையனின் முகம் மலர்ந்துவிட்டது. பெரியவர் மட்டும், "இருக்கட்டும் தம்பி, சூடேறட்டும்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். பட்டென்று வீடு முழுவதும் மின்சாரம் போய்விட்டது!

"எங்க வீட்டு வயரிங் பழசு" என்றார் விற்பவர். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மெஷினின் பிளக்கைக் கழற்றி, மெயின் சுவிட்சை மறுபடி ஏற்றி, அதே பிளக்பாயிண்டில் அவர்கள் வீட்டு மின்கெண்டியை மாட்டச் சொன்னார். தண்ணீர் கொதித்தது, ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் கோளாறு சுவரில் இல்லை, மெஷினில்தான். சூடேற்றும் கம்பியில் மின்கசிவு.

விலை உடனே 200க்கு இறங்கியது. பையன் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கொஞ்சம் சபலம்தான். பெரியவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "சும்மா குடுத்தாலும் வேணாம் தம்பி. இதில கம்பி கொதிகலனோட சேத்து வார்த்தது. முழுசா மாத்தணும். தண்ணியும் கரண்டும் ஒண்ணா இருக்கிற சாமான்ல கசிவோட விளையாடக் கூடாது" என்றார்.

நீங்களும் பார்க்கப் போனால் அவரைப் போல உட்கார்ந்துவிடுங்கள். மெஷின் ஆறியிருக்கும்போதே வருவதாக முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். போனதும் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வெறும் நீரை இறக்கிப் பாருங்கள், ஆவிக் குழாயைத் திறந்து பாருங்கள், அடியில் ஒரு தாளை விரித்து ஈரம் சொட்டுகிறதா என்று பாருங்கள். பம்பு உறுமியும் தண்ணீர் வரவில்லையென்றால் காற்றோ சுண்ணாம்போ அடைத்திருக்கலாம், பம்பே போயிருக்கவும் கூடும். மூடியைக் கழற்ற விட்டால் உள்ளே டார்ச் அடியுங்கள். துருவும், பச்சைப் பூஞ்சணம் போன்ற களிம்பும் நெடுநாள் கசிவைக் காட்டும். கரப்பான் முட்டையும் இருக்கும்; சூடான பெட்டி என்றால் கரப்பானுக்குச் சொர்க்கம் அல்லவா!

எதற்குப் பயப்பட வேண்டாம்? கைப்பிடிக் கிண்ணம் பொருந்தும் இடத்தில் ஓரமாகத் தண்ணீர் ஒழுகினால் அங்குள்ள ரப்பர் வளையம் கட்டையாகியிருக்கும். ஓயாத சூடு ரப்பரை என்ன செய்யும் என்று பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது மிக மலிவான சாமான். மேலே தண்ணீர் பிரியும் சல்லடைத் தட்டு கறுத்து அடைத்திருந்தால் அது அழுக்குதான், கோளாறு அல்ல. தெர்மோஸ்டாட், பம்பு இரண்டும் பெரும்பாலும் தனியாக மாற்றக்கூடியவை. மெஷின் சூடே ஆகவில்லையென்றால் வெப்ப ஃபியூஸ் மட்டும் போயிருக்கலாம். ஆனால் அது ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும். கொதிகலன் வெடிப்பு, மின்கசிவு, கருகிய எலெக்ட்ரானிக் பலகை, இந்த மூன்றுக்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. புதிது பழசு என்பதைவிட உதிரிப் பாகம் கிடைக்கிறதா என்பதுதான் முக்கியம். 1991இல் வெளிவந்த காஜ்ஜியா கிளாசிக் போன்ற மெஷின்கள் திருகாணி போட்டுப் பூட்டியவை. அவற்றின் வளையமும் பம்பும் தெர்மோஸ்டாட்டும் இன்றைக்கும் விற்பனையில் உள்ளன. அப்படிப்பட்ட இருபது வருடப் பழசு, பாகமே கிடைக்காத இரண்டு வருடப் புதுசைவிட மேல். பெட்டியின்மேல் "15 பார்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அது பம்பு தரக்கூடிய உச்ச அழுத்தம். காப்பிக்குத் தேவை 9தான்.

ஜப்பானியப் பழைய சாமான் கடைகளில் வாங்குவோர் பின்புறத் தகட்டைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. பிளக்கை மட்டும் மாற்றி மாட்டினால் சூடேற்றும் கம்பி ஐந்து மடங்குக்கு மேல் சக்தியை இழுத்துக் கருகிவிடும். 1,300 வாட் மெஷினுக்குத் தாங்கும் டிரான்ஸ்பார்மர் வாங்கப் போனால் மலிவாக வாங்கிய லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்று வாரம் கழித்து வேறொரு மெஷின் கிடைத்தது, 280 வெள்ளி. ஓரமாக ஒழுகியது, வேறு குறையில்லை. வளையமும் சல்லடைத் தட்டும் 45 வெள்ளி. பெரியவர் பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறவிட்டு, ஆவிக் குழாயைத் திறந்து உள்ளழுத்தம் இல்லையென்று பார்த்த பிறகுதான் திருகாணியைத் தொட்டார். லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஓடவிட்டு, அதைத் தேங்க விடாமல் உடனே மூன்று நான்கு தொட்டி நல்ல தண்ணீரால் கழுவினோம். உங்கள் வீட்டுக் கெண்டியின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்கு படிகிறதா? அப்படியானால் இந்த வேலை அடிக்கடி இருக்கும்.

ஆனால் முதல் காப்பி வாயில் வைக்க முடியவில்லை. கடைத் தூளைப் போட்டதும் பத்தே விநாடியில் தண்ணீராக ஓடிவிட்டது. இந்த மெஷினுக்குத் தூள் நைசாக, அதுவும் அன்றன்றைக்கு அரைத்ததாக இருக்க வேண்டுமாம். யாரும் சொல்லவில்லை! கையால் அரைக்கும் நல்ல அரைப்பான் 190 வெள்ளி. ஆகமொத்தம் 515. விளம்பரத்தில் பார்க்கும் விலை பாதி விலைதான் என்று அன்று புரிந்தது. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த நம் ஊர்க் கொட்டையை அந்த அரைப்பானில் போட்டுவிடாதீர்கள், பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும்.

வியாபாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்துப் பார்த்தார்கள். வீட்டு மெஷினின் கொதிகலன் சின்னது. காப்பி இறக்கிய பிறகு பால் நுரைக்க ஆவி ஏறக் காத்திருக்க வேண்டும். நுரைத்த பிறகு அடுத்த காப்பிக்குச் சூடு தணியக் காத்திருக்க வேண்டும். இருபத்தைந்து நிமிடத்தில் நான்கு கோப்பை. வடை வாங்க வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அண்ணி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் துணிப்பையையும் பெரிய கெண்டியையும் எடுத்து வந்தார். வாங்குவதற்கு முன்பே நாங்கள் பார்த்திருக்க வேண்டிய கணக்கு அது. வயரிங்கைச் சோதித்த எங்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

கடைக்கென்றால் இந்தச் சாமான் வேண்டாம். வீட்டில் இரண்டு பேர் விரும்பிக் குடிக்க, கையில் கொஞ்சம் பொறுமையும் பக்கத்தில் மின்வேலை தெரிந்த ஒருவரும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மெஷின், ரிப்பேர், அரைப்பான் மூன்றும் சேர்ந்து புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதியதைத்தான் வாங்குவேன்.

மெஷின் இப்போது அண்ணன் வீட்டு அடுப்படி மூலையில் இருக்கிறது. பையன் இரவு வேலைக்குப் போகுமுன் ஒரு கோப்பை போட்டுக்கொள்கிறான். அண்ணன் ஒருநாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, கஷாயம் மாதிரி சங்களவு?" என்று கேட்டு, அதில் டின்பாலும் வெந்நீரும் ஊற்றிக் குடித்தார். அண்ணியின் சீட்டுப் பணத்தை மாதம் 50 வெள்ளியாகத் திருப்பிக் கொடுத்து வருகிறான். இன்னும் மூன்று மாதம் பாக்கி.