பழைய வண்டியின் மெய்ம்மை காணல்

ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் பொன்டியாக் பிரிவினர் 1964ஆம் ஆண்டு வரிசையில் வெளியிட்ட ஜி.ரி.ஓ. மோட்டார் வண்டி, அமெரிக்காவிற் பெருவலி வண்டிகளின் காலத்துக்கு வழிகோலிற்று. இன்று அதன் விலை மிகுதி. ஆதலின் போலிகளும் உள. மெய்யானதை நாம் அறிவது எங்ஙனம்?

அவ்வாண்டில் ஜி.ரி.ஓ. தனி வகையன்று, லெமான்ஸ் வண்டியை வாங்குவோர் விரும்பிற் கூடுதல் விலை கொடுத்துப் பெறும் உறுப்புத் தொகுதியே. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் ஆகாதென்பது நிறுவன விதி. 389 கன அங்குல இயந்திரம் புகுந்தது இவ்வழியாலேயே. எனவே வண்டி எண்ணை மாத்திரம் நோக்கின், எட்டு உருளை லெமான்ஸும் ஜி.ரி.ஓ.வும் ஒன்றாகவே தோன்றும். 1966இல் அது தனி வகையான பின்னரே எண்ணும் வேறாயிற்று.

ஆகவே நாம் இரும்பைப் படித்தல் வேண்டும். இயந்திரத்தின் வார்ப்புக் குறியில் எழுத்து மாதத்தையும், அடுத்த எண் நாளையும், இறுதி எண் ஆண்டையும் உணர்த்தும். வண்டி உருவான நாளுக்கு அது முற்பட்டதாதல் வேண்டும். இயந்திரத்திற் பொறித்த தொடரெண்ணும் விற்பனைப் பதிவிலுள்ள எண்ணோடு ஒத்தல் வேண்டும். பொன்டியாக் 2010இல் மறைந்தபோதிலும் அப்பதிவுகள் பேணப்பட்டுள்ளன.

பெயர்ப்பட்டயம் கடையிற் கிடைக்கும், வரலாறு கிடையாது. மாற்றுறுப்புப் பூட்டுதல் குற்றமன்று. பூட்டியதை மறைத்து விற்றலே குற்றமாம்.